எட்டாவது கட்டத்தில் கிழங்கு இல்லை

போன வாரம் ஓர் அரசு அலுவலகத்திலிருந்து எனக்குப் போன். ‘சார், கொல்லிமலையில் ஓர் ஆலோசனைக் கூட்டம். நீங்கள் அவசியம் வரணும்’ என்றார்கள்.

எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். மறுபடியும் கூப்பிட்டால் போக வேண்டியிருக்கிறது!

என்ன விஷயம்? கடல் கடந்து எங்கேயோ சண்டை நடக்கிறதல்லவா... அதனால் கேஸ், டீசல், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் தாறுமாறாக விலை ஏறினால், அல்லது வராமலே போய்விட்டால், மலைமேல் இருக்கிற ஜனங்களுக்கு என்ன ஏற்பாடு? முன்கூட்டியே ஒரு திட்டம் போட்டு வைக்க வேண்டும். அதற்குத்தான் கூட்டம்.

“சரி, நான் எதற்கு?”

“பொதுமக்கள் சார்பா ஒருத்தர் வேணும் சார்.” கொஞ்சம் இடைவெளி விட்டு, “மத்தியானச் சாப்பாடு உண்டு” என்றார். என் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர் போலிருக்கிறது. எங்கே தட்டினால் நான் திறப்பேன் என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் திட்டம் போடுவதற்கு முன்னாடியே நான் என் வீட்டில் போட்டு முடித்துவிட்டேன். டிவியில் முதல் நாள் குண்டு விழுந்தது. இரண்டாம் நாள் என் வீட்டு ஸ்டோர் ரூமில் இரண்டு மூட்டை அரிசி, மூன்று டின் எண்ணெய். ஊருக்குப் போயிருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் சிலிண்டர் ஒன்று – ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று நானே எடுத்து வந்தது. போதாக்குறைக்கு ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. அதைப் பெருமையாக ஆன் பண்ணிய அன்றைக்குப் பார்த்து நாமக்கல்லில் எங்கள் ஏரியா முழுக்கக் கரண்ட் இல்லை!

“சண்டை அங்கே நடக்குதா, நம்ம ஸ்டோர் ரூம்லயா?” என்றாள் மனைவி. உள்ளே கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

ஆக, நான் அனுபவஸ்தன். கூட்டத்துக்குப் போகத் தகுதியானவன்தான்.

புதன்கிழமை காலை பஸ் ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கடந்து செம்மேட்டில் இறங்கினால், கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நேராகப் பாவாயி மெஸ்ஸுக்குப் போனேன்.

பாவாயியை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாலு பெஞ்ச் போட்ட மெஸ். மலையிலேயே உள்ள வாழவந்தி நாட்டுக்காரப் பெண். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். இவள் இரண்டு பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மெஸ் நடத்துகிறாள். மிளகு வாங்குகிற சாக்கில் நான் மலையேறும்போதெல்லாம் அவள் கல்லில் சுட்ட தோசை நாலு உள்ளே போனால்தான் எனக்கு மலைக்கு வந்த மாதிரி இருக்கும்.

அன்றைக்குத் தோசைக்கல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வெளியே சிலேட்டில் ‘டீ மட்டும்’ என்று எழுதியிருந்தது. உள்ளே பாவாயி, கடைகளுக்கென்று கொடுக்கிற நீல சிலிண்டர் ஒன்றைச் சாய்த்துப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன அம்மணி, தோசை இல்லையா?”

“வாங்ண்ணா. தோசையா? கடைக்குச் சிலிண்டர் வந்து பன்னெண்டு நாளாச்சுங்க. கேட்டா, ஊட்டுக்கே பத்தலீங்கறாங்க, கடைக்கு எங்க குடுக்கறதுங்கறாங்க. இதுல கெடக்கறது டீ போடக் காணுமான்னு தெரியலீங்ண்ணா.”

“அப்ப இன்னைக்கு மத்தியானம்...”

“அதத்தான் கேக்கறீங்களா!” என்று சிலிண்டரை நிமிர்த்தி வைத்தாள். “இன்னைக்கு மீட்டிங்குக்கு நாப்பது பேருக்குச் சாப்பாடு நான்தானுங்க. கேஸ் இல்லைன்னா என்ன பண்றதுன்னு பேச வாராங்க. அவிங்களுக்கு ஆக்கிப் போட எங்கிட்ட கேஸ் இல்லீங்ண்ணா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஆனால், பாதியிலேயே அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“சிரிக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க. இன்னைக்கு மட்டும் சோறு போடலைன்னு வெச்சுக்கங்க... இனி எல்லா ஆபீஸ் சாப்பாடும் அடிவாரத்து ஓட்டலுக்குப் போயிருமுங்க. அந்த ஆர்டர்லதான் இந்தக் கடையே ஓடுது. எங்கூட்டுக்காரரு தெனமும் போன்ல ஒரே பாட்டு. கடையப் பூட்டிட்டு திருப்பூருக்கு வந்துரு, ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போலாங்கறாரு. ஞாயித்துக்கெழம வண்டி புடிச்சுட்டு வந்து சாமானெல்லாம் ஏத்திக்கறேன்னுட்டாருங்க.”

“நீ என்ன சொன்னே?”

“இந்த மீட்டிங் சாப்பாடு நல்லபடியா முடிஞ்சா நான் வரலேன்னேனுங்க. முடியலேன்னா வாரேன்னு சொல்லிட்டேன்.”

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. கவிழ்த்து வைத்த தோசைக்கல்லைப் பார்த்தாள்.

எனக்கு மனசு தாங்கவில்லை. நம்மிடம்தான் வீட்டில் ஸ்டாக் இருக்கிறதே! “அம்மணி, கவலைப்படாதே. எங்க வீட்ல சிலிண்டர் இருக்கு. ஒரு போன் போட்டா அடுத்த பஸ்ல...”

“ஊட்டு சிலிண்டருங்களா? செகப்பு?”

“ஆமா.”

“நல்லா இருக்குதுங்க உங்க ரோசனை! அத்தன ஆபீசருங்களும் உக்காந்து திங்கற எடத்துல ஊட்டு சிலிண்டர வெச்சு ஆக்கச் சொல்றீங்க. சாப்பாடு முடிஞ்ச கையோட என்னையும் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிருவாங்க.” பிறகு ஏதோ யோசித்தவள் போல, “ஏனுங்ண்ணா... உங்கூட்ல சும்மா கெடக்குதுங்களா சிலிண்டரு? எத்தன வெச்சிருக்கறீங்க?” என்றாள்.

“...மூணு.”

“ரெண்டு பேருக்கா?”

நான் டீயைக் குடித்தேன். சூடாக இருந்தது. ஆனாலும் ஒரே மூச்சில் குடித்தேன். வெட்கமாக இருந்தது என்று சொல்லிக்கொள்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை.

அந்த நேரத்தில் ஒரு மொபெட் வந்து நின்றது. பாவாயியின் அண்ணன் பெருமாள். முன்னால் ஈரமண் ஒட்டிய கோணிச் சாக்கு. பின்னால் காய்ந்த சில்வர் ஓக் மிளார் விறகு இரண்டு கட்டு. இங்கே மிளகுக்கொடி ஏறுவது இந்த மரத்தில்தான். கொடிக்கு வெளிச்சம் வேண்டுமென்று கிளையைக் கழித்துவிடுவார்கள். கழித்தது தோட்டத்து ஓரத்தில் காய்ந்து கிடக்கும்.

“வெடிஞ்சும் வெடியாம தோண்டுனது. இன்னொரு நடை போயிட்டு வாரேன்” என்று சாக்கை இறக்கிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

சாக்கைக் கவிழ்த்தால் குச்சிக்கிழங்கு. என் முழங்கை நீளத்துக்கு ஒவ்வொன்றும். மரவள்ளி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியும். பாவாயி கொல்லைப்புறத்தில் ஹாலோபிளாக் கல் மூன்றை வைத்து அடுப்பு மூட்டினாள். பெரிய அண்டா ஏறியது. துணைக்கிருந்த பெண்கள் இருவரும் மடமடவென்று கிழங்கைத் தோலுரிக்க உட்கார்ந்தார்கள்.

“நாப்பது ஆபீசருக்குக் கிழங்கா?” என்றேன்.

“ஒரே அடுப்புல நாப்பது பேருக்குச் சோறு, கொழம்பு, ரசம், பொரியல் எல்லாம் ஆகுமுங்களா? இது ஒரு கொதில வெந்துருமுங்க. கூட மொச்சக் கொழம்பு, கொஞ்சமா சாமைச் சோறு, மொளகாச் சட்னி. திட்டுனா திட்டட்டும்.”

நாற்பது பேரும் பிரியாணியை நினைத்துக்கொண்டு மலையேறி வந்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால், நானும் அதை நினைத்துத்தான் ஏறி வந்தேன்.

கூட்டம் ஆரம்பித்தது.

இந்த மாதிரிக் கூட்டம் என்றால் எனக்கு ஒரு கிண்டல் உண்டு. ஆனால், அன்றைக்குக் கிண்டலுக்கு அதிகம் வாய்ப்பில்லை. திட்டம் தயாரித்தவர் ஓர் இளம் பெண் அதிகாரி. டெல்டாப் பக்கத்துக்காரர். வாழவந்தி நாடு, குண்டனி நாடு என்று ஊர் ஊராக, வீடு வீடாகத் தானே நடந்து போய்ப் படிவம் நிரப்பியிருந்தார். ஷூவில் மலைமண் அப்பியிருந்தது. உட்கார்ந்த இடத்தில் போட்ட திட்டம் இல்லை.

படிவத்தில் மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள். எட்டாவது கட்டம்தான் முக்கியம் – ‘வீட்டில் உணவுப் பொருள் கையிருப்பு’. திரையில் போட்டுக் காட்டினார். இல்லை... இல்லை... ரேஷன் அரிசி கொஞ்சம்... இல்லை... இல்லை... பக்கம் பக்கமாக அப்படியே போனது.

“டீசல் தட்டுப்பாடு வந்து லாரி நின்னுடுச்சுன்னா ஒரு வாரம்கூடத் தாங்காது சார்” என்றார். குரலில் நிஜமான பயம் இருந்தது. “அதனால இப்பவே அரிசி லாரிகளை மேல ஏத்திடணும்.”

‘அதுக்கு டீசல்?’ என்று யாரோ கேட்டார்கள். அதற்கும் பதில் வைத்திருந்தார். காலை பஸ்ஸில் இரண்டு நடையைக் குறைத்துவிட்டு, அந்த டீசலை லாரிக்கு ஒதுக்கலாம்.

காலை பஸ் என்றால் காலேஜுக்குப் போகிற பிள்ளைகள். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். ஹாலில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஆனால், பசியா பஸ்ஸா என்று வந்தால் யார் என்ன சொல்ல முடியும்?

“பொதுமக்கள் தரப்புல என்ன சொல்றீங்க சார்?” என்று என் பக்கம் மைக் வந்தது.

நான் எழுந்தேன். தொண்டையைக் கனைத்தேன். “வரவேற்கத்தக்க திட்டம்” என்றேன். உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தானே ஐயா, ஒரு சாக்குக் கிழங்கு உன் கண் எதிரே கவிழ்ந்தது? அது எங்கேயிருந்து வந்தது என்று உனக்குத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை! இவன்தான் பொதுமக்கள் பிரதிநிதி.

மத்தியானம் பாவாயி மெஸ்ஸிலும் வாசலிலுமாக வரிசையாக இலை போட்டார்கள். ஆவி பறக்கக் கிழங்கு வந்தது. கூடவே ஒரு முனகலும் வந்தது. “சோறு இல்லையா?” “என்னங்க இது, டிபனா?” ஒருவர் இலையைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். பாவாயி குழம்பு வாளியோடு வரிசையில் நடந்துகொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால், கேட்காதவர் இலையிலும் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே போனாள்.

பிறகு ஒருவர் கிழங்கைப் பிட்டு மொச்சைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டார்.

அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் பேச்சு நின்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். சுவரைப் பார்த்தவர் மூன்றாம் முறையாகச் சட்னி கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. நானும் என் பங்குக்கு வெட்டினேன்.

திட்டம் போட்ட அந்தப் பெண் அதிகாரி மட்டும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கொல்லைப்புறம் வந்தார். நான் அங்கே கை கழுவிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, இவ்வளவு கிழங்கு எங்கேருந்து வாங்கினீங்க?”

“வாங்கலீங்க மேடம். எங்கண்ணன் தோட்டத்துது” என்று அடுப்படியில் நின்ற பெருமாளைக் காட்டினாள் பாவாயி.

அதிகாரி அவரை உற்றுப் பார்த்தார். “உங்க வீட்டுக்கு நானே வந்தேனே. கையிருப்பு ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே?”

“ஆமாங்க மேடம். ஊட்ல ஒண்ணுமில்லீங்களே.”

“அப்ப இது?”

“இது இன்னைக்குக் காலையில தோண்டுனதுங்க.”

“இன்னும் இருக்கா?”

“மண்ணுக்குள்ள கெடக்குதுங்க.”

“எவ்வளவு?”

பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுப்பில் இருந்த விறகைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தார். பாவாயிதான் வாய் திறந்தாள்.

“அத மட்டும் கேக்காதீங்க மேடம். சொல்ல மாட்டாங்க. தோண்டறதுக்கு முந்தி இத்தனன்னு வாய் வெக்கக்கூடாதுங்க எங்க பக்கம். வாய் வெச்சா பன்னி பூந்து நோண்டிட்டுப் போயிரும்பாங்க.”

“ஆனா படிவத்துல...”

“தோண்டாததப் போயி இருக்குதுன்னு எப்படிங்க எழுதறது? கைக்கு வந்தாத்தானுங்க அது நம்மளுது.”

அதிகாரி நோட்டைத் திறந்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். விஷயம் வெளியே வந்தது. டீசல் விலை ஏறியதிலிருந்து ஜவ்வரிசி மில்லுக்குக் கிழங்கு ஏற்றும் லாரிகள் மலைக்கு வருவதில்லை. தோண்டிப் போட்டால் நாலு நாளில் கறுத்துப் போகும். மண்ணுக்குள் விட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். அதனால் பாதி மலை, கிழங்கைத் தோண்டாமல் விட்டு வைத்திருக்கிறது. குடோன் இருக்கிறதா என்று படிவத்தில் கேட்டதற்கும் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நடந்து போனவரின் காலடியிலேயே குடோன் இருந்திருக்கிறது!

“எங்க ஊர்ல நெல்லு அறுத்து மூட்டை கட்டினாத்தான் கணக்கு” என்றார் அதிகாரி மெதுவாக. “எனக்கு இது தோணவே இல்லை அக்கா. நான் விவசாயி வீட்டுப் பொண்ணுதான்... தோணவே இல்லை.” கண்கூடத் தளும்பிவிட்டது அந்தப் பெண்ணுக்கு. ராத்திரி பகலாக உழைத்த திட்டமல்லவா?

“அப்ப மலைக்கு ஒண்ணுமே அனுப்ப வேண்டாமா?”

“ஆத்தாடி! அப்படி எழுதிப்போடாதீங்க!” என்று பதறினாள் பாவாயி. “கெழங்கு மட்டும் தின்னுட்டு ஆயுசுக்கும் இருக்க முடியுமுங்களா? விட்டு வெச்சா நார் ஏறிருமுங்க. அடுத்த மழைக்குக் குச்சி நடோணும், அதுக்குள்ள எடுத்தாகோணும். உப்பு, எண்ணெ, பருப்பு எல்லாம் கீழருந்துதானுங்க வரோணும். அரிசியும் வேணும், இத்தன வேண்டாம். ஆனா பஸ்ஸ நிறுத்திப்போடாதீங்க சாமி. வவுத்துக்கு எப்படியாச்சும் பாத்துக்கலாம், வவுத்துவலி வந்தா எங்களுக்கு பஸ்ஸு வேணுமுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. பொதுமக்கள் தரப்பில் இதைச் சொல்ல வேண்டியவன் யார்?

“எவ்வளவுன்னு கேட்டா சொல்ல மாட்டீங்க. கணக்கு இல்லாம மேல என்ன எழுதறது?” என்று அதிகாரி நிஜமாகவே குழம்பிக் கேட்டார்.

இப்போது பெருமாள் வாய் திறந்தார். “நாங்க சொல்லத்தானுங்க கூடாது. நீங்க தோட்டத்துக்கு வந்து பாத்து எழுதிக்கங்க. யாரு வேண்டாம்னா?”

மத்தியானக் கூட்டம் வேறு மாதிரி நடந்தது. அரிசி லாரி குறைந்தது. ஏறுகிற லாரியில் எண்ணெய்க்கும் பருப்புக்கும் உப்புக்கும் இடம் வந்தது. காலை பஸ்கள் தப்பித்தன. விவசாயத்துறை ஆட்கள் நேரில் போய்த் தோட்டங்களைப் பார்ப்பதென்று முடிவாயிற்று. பாவாயி மெஸ் மாதிரிச் சின்னக் கடைகளுக்கு வாரம் ஒரு சிலிண்டராவது கொடுக்கச் சொல்லி எழுதுவதாக அதிகாரி சொன்னார். “எழுதுறேன் அக்கா. வந்துடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்” என்று நேர்மையாகச் சொன்னார். அடுத்த கூட்டத்துச் சாப்பாட்டுக்கும் பாவாயியிடமே சொல்லிவிட்டுப் போனார். இதே கிழங்கு என்று ஐந்தாறு பேர் கேட்டுக்கொண்டார்களாம். சுவரைப் பார்த்தவரும் அதில் ஒருவர்.

அரசாங்கத்தைக் கிண்டல் பண்ண எனக்கு வெகுநாள் ஆசை. ஆனால் யோசித்துப் பாருங்கள்... எங்கேயோ விழுகிற குண்டுக்கு இங்கே தோசைக்கல் கவிழ்கிறது என்றால், முன்கூட்டித் திட்டம் போடாமல் என்ன செய்வது? போடத்தான் வேண்டும். ஆனால் ஜனங்களிடம் என்ன இல்லை என்று மட்டுமே நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இல்லை என்று ஒருத்தர் சொன்னால் கூடவே போய் ஒரு நடை பார்த்துவிட வேண்டும். அந்தப் பெண் அதிகாரி மறுநாளே தோட்டத்துக்குப் போய்விட்டார் என்று கேள்வி.

நான்? வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரரின் சிலிண்டரை அவர் வீட்டிலேயே கொண்டுபோய் வைத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. மனைவி தைலம் தேய்த்துவிட்டாள், ஒரு வார்த்தையும் பேசாமல்! திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கணவர் வண்டி பிடித்துக்கொண்டு வருகிற நாள் அல்லவா? சாப்பாடு நல்லபடியாக முடிந்தது வாஸ்தவம்தான். ஆனால் சிலிண்டர் இன்னும் வரவில்லையே... சாயங்காலமாகப் பாவாயிக்குப் போன் போட்டேன்.

“வந்துட்டாருங்ண்ணா” என்றாள்.

“சாமானெல்லாம் ஏத்தியாச்சா?”

“ஏத்தலீங்க. எறக்கியாச்சு.”

“என்ன அம்மணி சொல்றே?”

“அவரு பெட்டி, பாய், மின்விசிறியெல்லாந்தானுங்க எறக்குனது. சண்டைனால வெளிநாட்டு ஆர்டரெல்லாம் நின்னுபோச்சாமுங்க. கம்பெனில பாதிப் பேரைப் போகச் சொல்லிட்டாங்களாம். என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு வந்த மனுசன், எங்கிட்டச் சொல்ல முடியாம பெட்டியத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிக்கறாருங்க.”

‘அடப்பாவமே’ என்றேன்.

“வெசனமாத்தான் இருக்குதுங்க. காலையிலருந்து தலை நிமிரவே இல்லை அவரு” என்றாள். அந்தப் பக்கம் அண்டாவைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் கொஞ்சம் தெளிந்து வந்தது.

“நல்லதுக்குத்தான்னு சொல்லியிருக்கறேனுங்க. நாளைக்கு வெடியக்காலம் எங்கண்ணனோட தோட்டத்துக்குப் போகச் சொல்லிட்டேன்... தோண்ட ஆளு வேணுமில்லீங்களா?”